என் அடுப்படி வீடியோவும் உன் புகாரும்

அன்பு மகன் ரஷாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் குளிருக்குப் பிடித்துக்கொள்கிறது. டல்லாஸில் நீயும் மருமகள் ஸைமாவும் நல்லபடியாக நோன்பு வைத்து வருவீர்கள் என்று நம்புகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுதுகிற என்னைப் பாதியில் நிறுத்த உன்னால் முடியாது பார்.

செண்பகனூரில் இந்த வருஷம் குளிர் விடவே இல்லை, சாயங்காலம் அஸர் தொழுது எழுந்திருப்பதற்குள் மேகமூட்டம் இறங்கி எதிர்வீடு மறைந்துபோகிறது. நீ வாங்கி அனுப்பிய ஹீட்டர் கரண்ட் இருந்தால் ஓடுகிறது. உன் அத்தா மவுத்தான பிறகும் நோன்புக் கஞ்சியை ஒரு ஆளுக்கு என்று காய்ச்ச எனக்குக் கை வரவில்லை, சட்டி நிறையக் காய்ச்சித் தெருவுக்குக் கொடுத்துவிடுகிறேன். அப்படி வாங்க வந்தவள்தான் மேல்தெரு ஜெயப்பிரியா, கொடைக்கானலைச் சுற்றி வீடியோ எடுத்துப் போட்டு அதிலேயே பிழைக்கிற பெண். கஞ்சி காய்ச்சுவதைப் படம் பிடிக்கட்டுமா என்றாள், பிடி தாயி என்றேன். கிண்டிக்கொண்டே பேசியதில், நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்போது பக்கத்தில் ஆளில்லை, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று வந்துவிட்டது. உன்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்து டல்லாஸில் உங்கள் அக்கம்பக்கத்து ஆட்கள், இந்தம்மாவுக்குப் பிள்ளை இல்லையா என்று ஸைமாவிடம் கேட்டார்களாம். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீடியோ நீ எடுத்தது, உனக்குச் சொந்தம், அவள் திருடிப் போட்டுவிட்டாள் என்று அந்த வீடியோ கம்பெனிக்குப் புகார் எழுதி அதை நீக்கவைத்துவிட்டாய்.

கேட்டால் எங்கம்மா, எங்க வீடு, எங்க கஞ்சி, அப்ப எங்களோடதுதானே என்கிறாய். நான் உன்னுடையவள்தான் ராசா, அதில் சண்டையே இல்லை. ஆனால் டல்லாஸில் இருந்துகொண்டு என் அடுப்படியில் எப்படிப் படம் எடுத்தாய்? எடுத்தவளுக்குத்தானே அது சொந்தம். அவள் பழனிக்குப் போய் வக்கீல் செல்வமுருகனைப் பார்த்திருக்கிறாள். கேஸ் போடும் முன் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாளாம், அதனால்தான் அவர் எனக்குப் போன் செய்தார். உனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தே அப்படி எழுதிக் கொடுத்தால், நீ இருக்கிற அமெரிக்காவிலேயே அவள் தன் நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் கேட்டு உன்மேல் வழக்குப் போடலாமாம். இல்லாத உரிமையைச் சொல்லி மிரட்டினால் நம் நாட்டுச் சட்டத்திலும் நஷ்டஈடு உண்டாம். இன்னும் இப்படிப் புகார் வந்தால் அவள் சேனலையே மூடிவிடுவார்களாம், சீசன் வருகிற நேரத்தில் பாவம். "தம்பிய வெரசா வாபஸ் வாங்கச் சொல்லுங்கம்மா, கேஸ் இல்லாம முடிச்சுக்கிரலாம்" என்றார்.

ஜெயப்பிரியா இப்போது என் வாசல் வழியாக வருவதில்லை, கீழ்ப்பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். மற்றவர்களும் பாத்திரத்தோடு வரத் தயங்குகிறார்கள், அமெரிக்காவில் இருந்து நம்மேலும் எதையாவது எழுதிப் போட்டுவிடுவான் என்று பயம். கஞ்சி அப்படியே மீந்து கெடக்கு. தனியாக இருக்கிறேன் என்று சொன்னதை நீ நீக்கிவிட்டாய், தனிமை நீங்கவில்லையே, கூடிப்போயிருக்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது ரஷாத், உன்மேல் கோபமும் வருகிறது.

அல்லாஹ் உன் ரிஜ்கில், உன் சம்பாத்தியத்தில், பரக்கத்தும் ஸைமாவுக்கு நல்ல சுகமும் தரவேண்டும், தொழுகையை விடாதே, காரை மெதுவாக ஓட்டு. பெருநாளைக்கு முன்னால் புகாரை வாபஸ் வாங்கி ஜெயப்பிரியாவிடம் நீயே பேசிவிடு. கேஸ் என்று வந்தால் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்களாம். படம் எடுத்தது யார் என்று கேட்டால் ஜெயப்பிரியா என்றுதான் சொல்வேன். அப்போது உங்கள் மகன் எங்கே இருந்தார் என்று அடுத்து கேட்பார்கள். அதை நாலு பேர் முன்னால் என் வாயால் சொல்லவைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சர்புன்னிசா