வேலைச் சூடு

இன்று காலை அந்த வாசனை வந்தது. சூடான மோட்டாரும் சுவர்த் தூளும் கலந்த வாசனை. குஷாய்குடாவில் நம் வீட்டு முன்னறையில் திரைச்சீலைக் கம்பி மாட்ட மகன் ஒருவரை அழைத்திருந்தான். சுவரில் துளை போட்டுவிட்டு அவர் டிரில்லிங் மெஷினைத் தரையில் வைத்ததுமே நான் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். "நக்கோ அம்மா, கரம் ஹை" என்று பதறிவிட்டார். சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? யாருடைய பெண்டாட்டி நான்?

நீங்கள் வாங்கிய மெஷின் ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சாலையில் நாளெல்லாம் மெஷின்களோடு மாரடித்தது போதாதென்று, சிகந்திராபாத் கடையில் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைக் குடைய ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"ஐயோ, எரியப் போகுது, நிறுத்துங்க!"

ஈரத் துணியோடு ஓடிவந்தேன், மெஷினுக்குப் போர்த்திவிட. துணியைப் பிடுங்கிக் கொடியில் போட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

"ஏட்டி, வேலை பாத்தா சூடு வரத்தான் செய்யும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பாரு. இறங்கிச்சுன்னா அது வேலைச் சூடு, ஒண்ணுமில்ல. இறங்கலன்னாதான் உள்ள கோளாறு."

என் கையைப் பிடித்து மெஷின்மேல் வைத்தீர்கள். அதன்மேல் உங்கள் கை. நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் சூடு இறங்கிவிட்டது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் பட்டப்பகலில் நீங்கள் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அன்றுதான். அதற்கும் ஒரு மெஷின் வேண்டியிருந்தது உங்களுக்கு.

அப்புறம் வீட்டில் எதுவும் உங்களிடமிருந்து தப்பவில்லை. சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஸியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதைக் கொஞ்சம் மூச்சு விட விடு" என்பீர்கள். "எனக்கு யாரு மூச்சு விட நேரம் குடுப்பா?" என்று கேட்டால் போதும், வாசலில் உடனே ஏதோ வேலை வந்துவிடும் உங்களுக்கு.

பிறகு அந்தக் காய்ச்சல். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் உடம்பு சுடும். டாக்டரிடம் போகலாம் என்றால், "வேலைச் சூடுட்டி, காலையில இறங்கிரும்" என்பீர்கள். மெஷினுக்குத் தந்த ஓய்வை உங்களுக்குத் தந்தீர்களா? இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட வராமல் படுத்தே கிடந்தீர்கள். சாயங்காலம் நெற்றியில் கை வைத்தேன்.

"இன்னைக்கு ஒரு வேலையும் பாக்கலியே. சும்மாதானே கிடந்தீங்க. பிறகு ஏன் இறங்கல?"

உங்கள் பேச்சை வைத்தே உங்களை மடக்கியது என் ஆயுளில் அந்த ஒருமுறைதான். நான் தோற்றிருக்கக் கூடாதா? டாக்டரிடம் போக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டீர்கள்.

ரத்தத்தில் நோய் என்றார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தோம். கடைசி நாள் மதியம், அனலாகக் கொதித்துக்கொண்டிருந்த நெற்றி என் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல மெல்லக் குளிர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். "சிஸ்டர், இறங்குது, சூடு இறங்குது!" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து உங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இறங்கினால் ஒன்றுமில்லை என்றுதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

இன்று அந்த ஆள் வாசலில் நின்று டீ குடிக்கும்வரை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூடு குறைந்துகொண்டே வந்தது. எந்த மெஷினைப் பார்த்தாலும் இன்னும் கை வைத்துப் பார்க்கிறேன், நீங்கள் பழக்கியபடியே. ஆனால் முழுக்க ஆறுவதற்குள் கையை எடுத்துவிடுகிறேன்.