கைடு ஐயாவின் கிளிமஞ்சாரோ கணக்கு

பெம்பா அப்பாவுக்கு,

உருளைக்கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். மிளகாய்த் துவையல் அம்மியிலேயே இருக்கிறது, வழித்துக்கொள்ளுங்கள். நான் பௌத்தா ஸ்தூபியைச் சுற்றிவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

நம் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு நீங்கள் போட்ட கணக்கைக் காலையில் நிதானமாகப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை, தங்குவதற்கும் ஒன்றுமில்லை. நேற்று கேட்டதற்கு, "மலையில எவன் நம்மகிட்ட காசு கேப்பான்?" என்று பாய்ந்தீர்கள். எவரெஸ்ட் வழியில் ஆள் கூட்டிக்கொண்டு போகிற கைடு என்பதால் லாட்ஜ்காரர்கள் உங்களை அடுப்படியில் உட்காரவைத்துச் சும்மா சோறு போடுகிறார்கள். கிளிமஞ்சாரோவில் நீங்கள் யார்? தொப்பி போட்ட டூரிஸ்ட்!

சுமை தூக்கவும் ஆள் வேண்டாமாம். "நானே தூக்குவேன்" என்று சொல்லிவிட்டீர்கள். முட்டிக்குத் தைலம் தேய்ப்பது யார்?

விமானத்தில் மட்டும் எனக்கு ஜன்னலோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் உருளைக்கிழங்கே அவித்தேன்.

பதினொரு மணிக்கு டிராவல்ஸ்காரர் முன்பணம் வாங்க வருவார். பீரோ சாவி வாற்கோதுமை மாவு டப்பாவுக்குள் கிடக்கிறது. அதற்குள் கணக்கைத் திருத்திவிடுங்கள்.

யாங்ஜி

பி.கு.: டிப்ஸ் குறைத்துக் கொடுத்த ஒவ்வொரு வெள்ளைக்காரரையும் இருபது வருடமாக இந்த அடுப்படியில் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் டிப்ஸ் என்று ஒரு வரியே இல்லை. அந்த ஊர் கைடுக்கும் ஓர் அடுப்படி இருக்கும். அங்கே நம் பெயர் அடிபட வேண்டாம்.