ஒரே ஊருக்கு இரண்டு தண்டவாளம்

4 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அமெரிக்காவிலிருக்கும் மகன் சீலனோடு போன் பேச, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். போன் இருப்பது அடுத்த வீட்டு மஹ்மூதா பீவி வீட்டில். பார்த்துவிட்டாள்.

“ஏளா இன்பமணி, அங்கன இருந்து மோந்து பாக்கப் போறானா ஒம் மவன்?”

“ஒன் போனுதான் நாறுது. அதுக்குத்தான் போட்டேன்.”

சீலன் வேலை பார்க்கும் சரக்கு ரயில் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி சேர்த்துக்கொள்ளப் போகிறதாம். “ஒரே ஊருக்கு ரெண்டு கம்பெனியும் தனித்தனியா தண்டவாளம் போட்டிருக்கும்மா. சேந்துட்டா ஒண்ணு போதும். மத்ததைப் பிடுங்கிருவாங்க.”

“ஒன்னையுமால?”

“தெரியலம்மா” என்றான்.

6 ஆகஸ்ட்

உடன்குடியில் மாமியார் வீட்டுப் பின்னாலும் ஒரு காலத்தில் ரயில் ஓடியதாம். மாமியார் உயிரோடு இருந்தபோது சொல்லுவார். நான் பார்த்தது வெறும் மண்மேடுதான், ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பிடுங்கினால் ஊர் செத்தா போயிற்று? அங்கேயும் பிடுங்கட்டுமே. வேலை போனால் சீலன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் சீலனுக்காக ஜெபம். குருவானவர் உருகிவிட்டார். “இந்தத் தாயின் கண்ணீரைப் பாரும் ஆண்டவரே, அவன் வேலை நிலைக்கட்டும்.” சபையே ஆமென் சொன்னது. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, போகட்டும் என்று கேட்டேன். சபை ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். பெற்றவள் செய்கிற வேலையா இது?

12 ஆகஸ்ட்

சீலன் கட்டிலை வெயிலில் போட்டேன். மூட்டைப்பூச்சி. அதில் படுக்க வேறு ஆள் யாரும் இல்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

சபை ஜெபம்தான் பலித்தது. பெரிய கம்பெனி அவனை வைத்துக்கொண்டது. ஆபீஸ் இன்னும் தூரத்தில். எந்தப் பாதை இருக்கணும், எதை எடுக்கணும் என்று கணக்குப் பார்க்கிற வேலையாம். கிறிஸ்மஸுக்கு வரமாட்டானாம்.

“அடுத்த வருசமும் சந்தேகந்தாம்மா.”

“போலே. ஒன் பங்கு அதிரசத்தையும் நானே தின்னுக்கிடுதேன்.”

சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்தேன் — மஹ்மூதா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். கேலி ஒன்றும் பேசவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

ஜெபித்த சனங்களுக்கு முன்னால் நன்றி சொல்லாமல் இருக்கலாமா? ஸ்தோத்திர காணிக்கை படைத்தேன். சீட்டில், “மகன் பாக்கியசீலன் இணைப்பு நல்லபடியாக முடிந்ததற்காக” என்று எழுதினேன். கம்பெனி என்ற சொல் விட்டுப்போயிற்று. அதைச் சபையில் வாசித்த அப்பாத்துரை உபதேசியார், விட்டுப்போனது திருமணம் என்று நினைத்து அவரே சேர்த்து வாசித்துவிட்டார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். “பொண்ணு வெள்ளைக்காரியா?” இல்லவே இல்லை என்றேன். மறைக்கிறேன் என்றார்கள். காப்பிக்குப் பால் போதவில்லை.

10 செப்டம்பர்

மாதர் சங்கத்தார் மணமக்களுக்குக் குக்கர் கொண்டுவந்தார்கள். ஐந்து லிட்டர். பெயர் வெட்டியாயிற்று, கடையில் திருப்பி வாங்கமாட்டார்களாம். ‘பாக்கியசீலன்’ என்று இருக்கிறது. பக்கத்தில் பொண்ணு பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.