சடை போட்ட படத்தைத் தேடிப் போன மகள்

என் மனசுக்குள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிற வேலம்மாளுக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். சந்தேகப்படாதே. நீ போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கென்று சாயங்கால வகுப்பு வைத்தார்கள். கைநாட்டு வைத்த விரல் இப்போது ‘ழ’ எழுதுகிறது. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோசத்துக்குக் குறைவில்லை. இந்தக் கடிதத்தை வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம். ராஜபாளையமே படிக்கும். அதனால் உன்னைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

நம் செல்வி ஜப்பானிலிருந்து வந்திருக்கிறாள். படிப்பு முடிந்துவிட்டதாம். அங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிடுகிறார்களாம். அப்படி என்ன படித்தாள்? ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூடுகிற வயசுப்பிள்ளைகள் என்ன உடுத்துகிறார்கள், எது ஆண் உடுப்பு எது பெண் உடுப்பு என்று யார் முடிவு பண்ணியது, இதைக் கேட்டு எழுதுவதுதான் படிப்பு. அதற்கு டாக்டர் பட்டம். ஊசி போடத் தெரியாத டாக்டர்.

அவள் கொண்டுவந்த படங்களைப் பார்த்தேன். பையன்கள் உதட்டுச்சாயம் பூசியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் காலுறையைத் தொளதொளவென்று தொங்கவிட்டு, நழுவாமலிருக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இதைப் படிக்க ஒரு சர்க்கார் பணம் கொடுக்குமா? நீயே சொல். அதிலும் இடுப்புவரை முடி வளர்த்த ஒருவன் பல படங்களில் வருகிறான். அவன் யார்?

மகன் முத்து குதித்தான். “ஆம்பளப்பய சடையும் பூவுமாத் திரியிற ஊர்ல இவளுக்கு என்னப்பா வேல? இனிமே அனுப்பாதீக.”

செல்வி சத்தம் போடவில்லை. “அப்பா போவாதன்னா போவல. ஆனா அப்பா வாயாலதான் சொல்லணும்.”

பாரம் என் தலையில் இறங்கியது. மறுநாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினாள். எதற்கு என்றால், “சும்மா, ஒரு சோலி” என்றாள். சும்மா என்பதில் என்ன சோலி? நானும் அதே பஸ்ஸில் பின்பக்கம் ஏறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். செத்த நேரத்தில் ஒரு கவரோடு வெளியே வந்தாள். யாருக்கோ கொடுக்கத் தன் படத்தைத்தான் எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நீளமுடிக்காரன்தான் கண்ணுக்குள் வந்தான். அவள் தெரு முனை திரும்பியதும் உள்ளே போனேன்.

“இப்ப வந்துட்டுப் போன புள்ள என்ன வாங்கிட்டுப் போவுது?”

“நீங்க யாரு பெரியவரே?”

“நான் வழிப்போக்கன்.”

“வழிப்போக்கனுக்கும் அந்தப் புள்ளைக்கும் மூக்கு ஒரே அச்சா இருக்கே.” ஸ்டுடியோக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு பிரதியை எடுத்து வைத்தார்.

நம் முத்து. மூன்று வயசு. பட்டுப்பாவாடை, சடை, சடை நிறையத் தாழம்பூ. பின்னால் நிலைக்கண்ணாடி வைத்துச் சடையும் தெரியும்படி எடுத்த படம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலிருக்கிற நம்ம திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் முதல் மொட்டை போடுவதற்கு முன்னால், எல்லா வீட்டிலும் போலப் பையனுக்குப் பெண் வேசம் போட்டு எடுத்தோமே, அதேதான். மீசை அரும்பியபோது வெட்கப்பட்டு, வீட்டிலிருந்த படத்தை அவன் கிழித்துப் போட்டான். ஒழிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

“எங்கப்பா எடுத்த படம். பிலிம் இன்னமும் எங்கிட்ட எப்படி இருக்குன்னு கேக்கலையே? உங்க வீட்டம்மா வருசத்துக்கொருக்கா வந்து பாத்துட்டுப் போவாக. ‘தூக்கிப் போட்றாதீக, எம் மக ஒருநா கேட்டு வருவா’ம்பாக.”

வேலம்மா, அந்த ஊர் மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்றுதானே நீ என்னிடம் சொல்லிவிட்டுப் போவாய்?

வீட்டுக்கு வந்தால் செல்வி திண்பண்டத்தோடு காத்திருந்தாள். “பால்கோவா சாப்பிடுங்கப்பா. தலையில துண்டப் போட்டா ஆளு மாறிருமா?”

பேச்சை மாற்ற, நான் வாங்கி வந்த படத்தை முத்துவிடம் நீட்டினேன்.

“யாரு இந்தப் புள்ள? லட்சணமா இருக்கு.”

“நீதாம்லே.”

அவன் பொண்டாட்டி அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். முத்து வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அண்ணே, அந்த ஊருப் பிள்ளைகளை மட்டும் நான் துருவித் துருவிக் கேட்டா நியாயமா? எங்க வீட்லயும் உண்டுன்னு மொதப் பாடத்துல இதக் காட்டப்போறேன்.”

“காட்டு,” என்றான் முத்து, தரையைப் பார்த்து. “பேரச் சொல்லிராத.”

அப்புறம் நான் என்ன சொல்ல? போயிட்டு வா தாயி என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அவள் பெட்டியில் அவள் பேரையும் நானே எழுதி ஒட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

ஆனால் எனக்கு இப்போது சந்தேகமெல்லாம் உன்மேல்தான். இவள் இதைத்தான் படிப்பாள் என்று உனக்கு எப்போது தெரியும்? என்னிடம் ஏன் மூச்சுவிடவில்லை? அந்த நீளமுடிக்காரனைப் பற்றியும் உன்னிடம் சொல்லியிருக்கிறாளா?

அதை அவளிடம் கடிதம் போட்டு நானே கேட்டுக்கொள்கிறேன். அவள் என்ன பதில் எழுதினாலும் கோபப்பட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. உன்னிடம் கேட்க வேண்டியதை அங்கே வந்து கேட்கிறேன். அதுவரை பதிலை யோசித்து வை.

இப்படிக்கு,
உன் அத்தை மகனும், உன்னை முழுசாக நம்பியிருந்த வீட்டுக்காரனுமான
சுப்பையா