முதல் வளைவில் அணைத்த வண்டி

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. அதுவும் நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மூன்று நாளாக இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்தாலே, "சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு, வச்சிடறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் மடித்துத்தான் வைக்க முடியும். மறுபடி பிரித்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.

முதலில் செய்தி. ஜீப்பைக் கொடுத்துவிட்டேன். கரண்டு வண்டி வாங்கிவிட்டேன். பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி வைத்த வண்டி, வெள்ளை நிறம். மலை மேலே விடுதிக்கும் அதைச் சுற்றியுள்ள நாற்பது வீட்டுக்கும் சிலிண்டர், தண்ணீர் கேன், மளிகை எல்லாம் கொண்டுபோகிற வேலையை அப்பாவுக்குப் பிறகும் நான் விடவில்லை. இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கி, ஒன்றரை வருடம் அந்த ஜீப்பிலேயே ஏறி இறங்கினேன். இனி அதில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் செய்ததுதான், உனக்குத் தெரியும்.

உன் சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு ஒரே சண்டை. "அண்ணன் உட்கார்ந்த சீட்டு அண்ணி அது, அதைப் போய் விக்கிறீங்களே, மனசு வருதா?" என்றார். வருகிறது என்று சொன்னேன். அடுத்து, கரண்டு வண்டி ஏறாது, பாதி மலையில் படுத்துவிடும், நீங்கள் வயரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிளக் கேட்பீர்கள் என்று கேலி செய்தார். மெக்கானிக் அண்ணன் மட்டும் என்ன, "தங்கச்சி, அது வண்டியா மிக்ஸியா?" என்று கேட்டார். மிக்ஸியாக இருந்தால் உங்களைத்தான் முதலில் போட்டு அரைப்பேன் என்றேன். அதற்குப் பிறகு அவர்தான் என்னோடு வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, நல்ல வண்டி என்று சொன்னார்.

ஓட்டிப் பார்த்த நாளைச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். காலி வண்டியை ஓட்ட மாட்டேன், என் சுமையோடுதான் ஓட்டுவேன் என்று சொல்லிப் பன்னிரண்டு சிலிண்டரையும் முப்பது கேனையும் ஏற்றினேன். கிளம்பும்போது சார்ஜ் தொண்ணூற்றிரண்டு காட்டியது. ஏறியது தம்பி, மூச்சு வாங்காமல் ஏறியது. ஜீப்பில் நான்காவது வளைவில் கியரோடு மல்லுக்கட்டுவேனே, அங்கே ஒன்றுமே இல்லை. மேலே போய் நின்றபோது அறுபத்தொன்று. விடுதிக் காவல்காரர் எழுந்து வரவே இல்லை. இறங்கிப் போய் எழுப்பினால், "என்னம்மா, பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க!" என்று பதறிப்போனார். ஜீப் சத்தம் கேட்டுத்தானே இத்தனை வருடம் கேட்டைத் திறந்திருக்கிறார்.

ஏறியது பெரிதில்லை. இறங்குவதுதான் எனக்குப் பெரிது. முதல் வளைவுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண், "கால எடுத்துட்டு சும்மா இருங்கம்மா, வண்டி அதுவா பிடிச்சுக்கும்" என்றாள். பிடிக்காவிட்டால் என்றேன். "நானும் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கு உசுரு வேணாமா?" என்றாள். காலை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி, வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. ஒன்பது வளைவிலும் பிரேக்கை நான் நாலைந்து தடவைதான் தொட்டிருப்பேன். கீழே பாலத்துக்கு வந்தபோது சார்ஜ் அறுபத்தாறு. இறங்க இறங்க ஊறியிருக்கிறது. பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய், பிடிக்கலையாம்மா என்று கேட்டாள். பிடித்ததால்தான் அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன் அப்பா ஆயுசு முழுக்க அந்த இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தானே பார்த்தார்.

இனி எழுதப்போவதுதான் மூன்று நாளாக எழுத முடியாமல் இருந்தது. உட்கார்ந்து படி.

நீ வெளியூர் வேலைக்குப் போவதற்கு முந்தின வாரம் ஜீப்புக்கு நாலு சக்கரத்துக்கும் பிரேக் மாற்றினாய். மாற்றி முடித்து, கையில் கிரீஸோடு நின்றுகொண்டு அப்பாவிடம் சொன்னாய், "இனிமே இறக்கத்துல வண்டிய அணைச்சு உருட்டக் கூடாது. எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குப் பலம். அணைச்சா ரெண்டு மிதிதான், மூணாவது மிதிக்குக் கல்லு மாதிரி ஆயிடும்" என்று. அவர் உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை நீ போன பிறகு ஒரு வாரம்தான் காப்பாற்றினார்.

பிறகு பழையபடி, மேலிருந்து எண்ணினால் ஆறாவது வளைவில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மலையில் ஜீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, திடீரென்று நிற்கும். நின்றதும் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குப் பாலத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கும். நான் தடுக்கவில்லை தம்பி. அதை ஒரு விளையாட்டாக்கியதே நான்தான். இன்றைக்கு எங்கே அணைத்தீர்கள் என்று கேட்பேன். ஐந்தாவதில் என்பார். மறுநாள் நான்காவதில் என்பார். பையனுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவான் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை வேறு பேசினேன், எங்கள் வீட்டுக்காரர் மூன்றாவது வளைவிலிருந்து சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வருகிறார் என்று.

அன்றைக்கு முதல் வளைவிலேயே சத்தம் நின்றுவிட்டது. நான் சிரித்துக்கொண்டே தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரம் தீய்ந்த வாசனை வரும் வரைக்கும் பாலத்தில் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு ஓடினேன்.

எட்டாவது வளைவில் மண்மேட்டில் மோதி நின்றது வண்டி. முதலில் போய்ச் சேர்ந்தவள் நான். அவர் கண் மூடி இருந்தார். சாவியைப் பார்த்தேன். அணைத்த இடத்தில் இருந்தது. நான் கையை உள்ளே விட்டு அதை ஆன் பக்கம் திருப்பி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளும் என்னையே கேட்கிறேன். உன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினார் என்று உனக்குத் தெரியக் கூடாது, போன மனிதர் மேல் உனக்குக் கோபம் வரக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. ஸ்டேஷன்காரர்கள் வந்து பார்த்தார்கள், சாவி ஆனில் இருந்தது, ‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

நீ வந்து இறங்கி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சாவி எப்படிம்மா இருந்துச்சு என்பதுதான். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று உன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். நீ உன் கையைப் பார்த்துக்கொண்டாய். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மகன் கையைப் பார்ப்பது எங்கே தெரியும்?

அங்கே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவன், திரும்பிப் போன மாதமே அதை விட்டுவிட்டு அட்டைப்பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனாய். முதுகு வலிக்குது, அதான் என்றாய். பெட்டி தூக்கினால் முதுகு வலி போகுமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் புது வண்டி வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது, "அதுல பிரேக் யாரும்மா பார்ப்பா? நான் தொட மாட்டேன்" என்றாயே, அப்போதுதான் நெஞ்சில் இடி விழுந்தது. இரண்டு வருடமாக என் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு பெட்டி தூக்குகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. சுமை ஏற்றியது நான்.

ஜீப்பை அப்போது சரிசெய்த மெக்கானிக் அண்ணனுக்கு அன்றே தெரியும். "பையன் போட்ட பிரேக் தங்கம் மாதிரி இருக்கு தங்கச்சி. சூடேறிக் கருகியிருக்கு, அவ்வளவுதான். வண்டி அணைஞ்சே உருண்டிருக்கு" என்றார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டேன். போன வாரம் அவரிடம் போய், அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தச் சீட்டு இதோடு இருக்கிறது. கிரீஸ் கறை அவர் கை, திட்டாதே.

ஸ்டேஷனுக்கும் போனேன். கேஸ் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது வந்து சொல்கிறாயேம்மா என்று அங்கிருந்த பெரிய அதிகாரி கோபித்தார். உங்களுக்கு முடிந்தது, என் மகனுக்கு முடியவில்லை என்றேன். ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாவியைத் தொட்டதற்கு என்ன வந்தாலும் வரட்டும்.

அதோடு விடவில்லை. ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று, அணைத்து உருட்டித்தான் என் புருஷன் போனார், நீங்களும் உருட்டாதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் பீடியை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இப்போது தினமும் போய் நிற்கிறேன். எனக்குச் ‘சாவி அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். "டேய், சாவி அக்கா வருது, எஞ்சின ஆன் பண்ணுடா" என்று நின்ற வண்டியை எல்லாம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். இறங்குகிற ஜீப் சத்தம் இப்போது பாலம் வரைக்கும் அறாமல் கேட்கிறது.

ஜீப்பை வாங்கினவர் சமவெளியில் தோட்டம் வைத்திருப்பவர். அவர் நிலத்தில் மேடே கிடையாதாம். அதைக் கேட்டுத்தான் கொடுத்தேன். உன் சித்தப்பாவிடமும் சாவி விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று வந்து, கேட்காமலே, வண்டி சார்ஜ் போடக் கொட்டகையில் தனி வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீ என் மேல் கோபப்படு. அப்பா மேலும் கோபப்படு, அவருக்கு அதைத் தாங்கிக்கொள்ளத் தெரியும். உன் கை மேல் மட்டும் கோபப்படாதே. அதில் ஒரு குற்றமும் இல்லை. அது கட்டின பிரேக்கை நம்பித்தான், சாவியைத் திருப்பக் கூடாது என்ற ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, நான் ஒன்றரை வருடம் அந்த மலையில் இறங்கினேன். ஒரு நாளும் அது என்னைக் கைவிடவில்லை.

புது வண்டியில் பிரேக் தேய நாளாகும் என்று அந்தப் பெண் சொன்னாள். மூன்று வருடம், நாலு வருடம்கூட ஆகலாமாம். ஆனால் என்றைக்காவது தேயும். இலவசமாகவே மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். வேண்டாம், என் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் ஸ்பானர் பெட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்து, கொட்டகையில் அந்த வயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை. தேய்கிற வரைக்கும் மெதுவாகவே இறங்குகிறேன்.

உன் இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மா