வெறும் பீடமும் கேப்டனின் படமும்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை. அந்த வாசம் வந்தாலே உம்முடைய முகமும் வந்துவிடுகிறது. செத்தும் என்னை விடமாட்டீர் போலிருக்கிறது.

நம் இருவருக்கும் ஒரே வயது, ஒரே குலதெய்வம். நான் ஆறாம் வகுப்போடு நின்று அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலைக்குப் போனேன். நீர் படித்து, சென்னையில் அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஆனீர். வெள்ளைக்காரன் காலத்தில் அதே நாற்காலியில் இருந்த கேப்டன்தான் உமக்குத் தெய்வம். பட்டாளத்தை விட்டு அருங்காட்சியகத்துக்கு வந்த ஆள். தாமிரபரணிக் கரையெல்லாம் மாட்டுவண்டியில் கேமராவோடு அலைந்து, இந்தப் பக்கத்தை முதன்முதலில் படம் பிடித்தவர் என்பீர். நம் சாஸ்தாவையும் படம் பிடித்தார். பிறகு சாஸ்தாவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நம் குடும்பங்கள் வெறும் பீடத்துக்குத்தான் எண்ணெய்க்காப்புச் செய்கின்றன. நீரோ உம் வீட்டில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் கேப்டனை மாட்டியிருந்தீர். மாலை போடாததுதான் குறை.

ஒருமுறை நான் சென்னைக்கு வந்தபோது, அவர் எடுத்த சாஸ்தா படத்தைக் காட்டினீர்.

"கழுத்து மணிய எண்ணிரலாம் வே. என்ன துல்லியம் பாத்தீரா?"

"எண்ணெய்க் கறுப்பு எங்க வே?"

"அங்கனதான் அவரு மூளை நிக்கி. செலை கன்னங்கரேல்னு இருந்திருக்கு, படத்துல ஒண்ணும் விழாது. சேவகர்கள விட்டுச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்கச் சொல்லிட்டாரு. பொறவுதான் எடுத்திருக்காரு."

பெருமையாகச் சொன்னீர். நம் பாட்டன் பூட்டன் ஊற்றிய எண்ணெயை மணல் போட்டு உரசி எடுத்தவனின் மூளையை நான் மெச்ச வேண்டுமாம். கீழே அருங்காட்சியகக் கூடத்தில் அதே சாஸ்தா வெளிறிப்போய் நின்றார். காலடியில் ஓர் அட்டை: 'கேப்டனின் நன்கொடை'. யார் வீட்டுச் சொத்தை யார் நன்கொடை கொடுப்பது? அந்த அட்டையையாவது மாற்றும் என்றேன்.

"ரெக்கார்டுல அப்படித்தாம்வே இருக்கு. முறையாப் படிக்காதவருக்கு இது புரியாது."

நூலகத்து அலமாரிகளை நானாகவே படித்து முடித்தவன் நான். முறையாகப் படித்தவருக்கு முதுகெலும்பு எங்கே போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஓய்வு பெற்று நம் ஊர் ஆழ்வார்குறிச்சிக்கு வந்தீர். எப்படியாவது சாமியை மீட்டுத் தருவீர் என்று பங்காளிகள் நம்பியிருந்தார்கள். நீர் கொண்டுவந்தது அந்தப் படத்தை. ஆளுயரத்துக்கு அச்சிட்டு, கண்ணாடி போட்டால் பளபளக்கும் என்று வெறும் சட்டம் மட்டும் அடித்து, உத்திரத்தன்று பீடத்தில் சாய்த்து வைத்தீர். பெண்கள் குலவை போட்டார்கள். படம் அங்கே நிலைத்துவிட்டால், ஒரு சாமி இங்கிருந்து போனது என்பதே அடுத்த தலைமுறைக்கு மறந்துவிடும்.

"இது சாமியா, படமா?" என்று கேட்டேன்.

"சாமிதாம்வே. என்ன சந்தேகம்?"

"அப்போ எண்ணெய்க்காப்பு ஆகட்டும்" என்று செம்பைத் தூக்கினேன்.

பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தீர். "ஏலே, ஊத்தாதலே! கேப்டன் படம்லே, பாழாப் போயிரும்!" அத்தனை வருஷம் மரியாதையாக 'வே' போட்ட வாய் அது.

கூட்டத்தில் உம் மதினி கேட்டாள்: "என்ன கொழுந்தனாரே, எண்ணெ பட்டா பாழாப்போற சாமியும் உண்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீர் படத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு காருக்குப் போனீர். அப்புறம் சாகும்வரை என்னிடம் பேசவில்லை. நானும் வலிய வந்து பேசவில்லை. பேச என்ன இருந்தது?

இந்த வருஷம் இளவட்டங்கள் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். "பெரியப்பா, மயிலாடியில சிற்பிட்ட சொல்லிப் புதுச் செலை செஞ்சிருவோமா? காலியாக் கெடக்கது நல்லாவா இருக்கு?"

முடியாது என்றேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நான் இருக்கும்வரை நடக்காது.

அப்போதுதான் இந்தத் தை மாதம் நம் குடும்பத்துக்குள் வந்த மருமகள் ஒருத்தி பீடத்தைச் சுற்றிவிட்டு வந்து கேட்டாள்: "இங்க ஏன் மாமா சாமியக் காணோம்?"

புதுச் சிலை இருந்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். உம்முடைய படம் இருந்திருந்தாலும் அப்படித்தான். வெறும் பீடம்தான் அவளைக் கேட்க வைத்தது. உட்காரவைத்துச் சொன்னேன். தேய்த்ததை, தூக்கிப் போனதை, அட்டையை, நீர் படத்தைக் கட்டிக்கொண்டு ஓடியதை, எதையும் குறைக்காமல்.

"அந்தக் கேப்டன் பேரு என்ன மாமா?"

"தெரியாது" என்றேன். தெரியும். நூறு தடவை நீர் சொல்லிக் கேட்ட பெயர்தான். அந்த இடத்தில் அதை என் வாயால் சொல்வதாக இல்லை.

"படம் கொண்டாந்தவரு பேரு?"

அதை மட்டும் சொன்னேன். நம் பங்காளி என்று விளங்கட்டும் என உம் அப்பா பெயரையும் சேர்த்து.