மச்சான் பெயருக்கு நேரே நான் எழுதிய ‘ஓய்வு’

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நேற்று இந்திய கிரிக்கெட் அணியை அறிவித்தார்கள். ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒரு கேப்டன், இருபது ஓவருக்கு இன்னொருத்தர். உங்களுக்குப் பிடித்த அந்தத் தொடக்க ஆட்டக்காரர் ஐந்து நாள் சிவப்புப் பந்து ஆட்டத்துக்கு மட்டும் இருக்கிறார். உடனே உங்களுக்குப் போன் போட நம்பரைத் தேடினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. நாலு மாசமாகியும் இந்தப் பாழாய்ப்போன கைக்குத் தெரியவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பீர்கள். “சட்டைய மாத்துனா ஆளு மாறிருவானா மாப்ள? நல்லா ஆடுதவன் எல்லாத்துலயும் ஆடுவான்.” நான் விடுவேனா? அஞ்சு நாள் நின்று ஆடுகிறவன் வேறு, வந்ததும் விளாசுகிறவன் வேறு என்பேன். வேகப்பந்து வீசுகிறவனை எல்லாவற்றிலும் ஓடவிட்டால் ஒரே வருஷத்தில் முதுகு போய்விடும் என்பேன். அக்கா டீயை வைத்துவிட்டு, “டீம் எடுக்க ஒங்க ரெண்டு பேரயும் கூப்புட்டிருக்காகளாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

நம் ராஜபாளையம் டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததும் அந்தத் திமிர் தலைக்கேறிவிட்டது. பெரிய அணி மாதிரியே இரண்டாகப் பிரித்தேன். தோல் பந்தான ஸ்டிச் பாலில் ஐம்பது ஓவருக்கு ஒரு டீம், டென்னிஸ் பாலில் எட்டு ஓவருக்கு ஒரு டீம். மம்சாபுரத்தில் நடந்த எட்டு ஓவர் போட்டிக்கு உங்களை எடுக்கவில்லை. அதில் பாதி ஓவரை நீங்கள் அடிக்காமல் கட்டை போட்டே தீர்த்துவிடுவீர்கள், உண்மைதானே?

ஆனால் அக்கா புருஷனிடம் “நீங்க வேண்டாம்” என்று எப்படிச் சொல்வது? பேப்பரில் போடுகிற மாதிரி, டீம் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் பெயருக்கு நேரே ‘ஓய்வு’ என்று போட்டேன். பெரிய ஆட்டக்காரர்களை இப்படித்தானே நோகாமல் உட்கார வைக்கிறார்கள். ஒருத்தர் ஆட்டத்தையே விட்டுப் போகும்போதும் அதே பேப்பர் அதே வார்த்தையைத்தான் போடுகிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை மச்சான்.

நீங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஐம்பது ஓவர் ஆட்டத்துக்கு எப்போதும் போகிற பழைய டீம்தான் என்று நான் பட்டியலே போடவில்லை. நீங்கள் வரவில்லை. கேட்டதற்கு, “மில்லுல ஷிப்ட் மாப்ள” என்றீர்கள். அடுத்த ஆட்டத்துக்கும் ஷிப்ட். கோபம், தானாகத் தணியும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குள் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா உங்கள் மட்டையும் காலில் கட்டுகிற பேடும் இருந்த பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீ கொண்டுபோலே. அவியதான் ரிட்டயர்டு ஆயிட்டாகளே.”

“யாருக்கா சொன்னா?”

“நீதானல குரூப்புல போட்ட? எங்கிட்ட காட்டுனாக. ‘மாப்ள எம்புட்டு மரியாதயா அனுப்பி வச்சிருக்கான் பாரு’ன்னாக. பொறவு அவியளே இந்தப் பைய எடுத்துக் கட்டி வச்சாக.”

அந்தப் பையைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகைக்கு அக்காவுக்குக் காரணம் தெரியாது. இன்னும் சொல்லவில்லை. ஏன் மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஷிப்ட் என்றது அத்தனையும் பொய்யா? அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போய் உட்கார்ந்திருந்தீர்கள்?

போன ஞாயிறு கான்சாபுரம் போனேன், நம் பந்துவீச்சாளர் மாரிமுத்துவைப் பார்க்க. ஸ்டிச் பாலில் சுழல்கிற உன் பந்து டென்னிஸ் பாலில் திரும்பாது, எட்டு ஓவர் ஆட்டத்துக்கு நீ வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். “இதச் சொல்ல வீடு தேடி வாரியாக்கும்? போலே அங்கிட்டு!” என்று விரட்டினான். சாயங்காலம் அவனே போன் செய்தான். “அம்பது ஓவருக்கு நான் உண்டுல்ல?”

“உண்டு” என்றேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு நான் வழி வைக்கவில்லை.

இனி யாரை விட்டாலும் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்வேன், திட்டையும் வாங்கிக்கொள்வேன். அக்காவிடமும் சொல்லிவிடுகிறேன். யார் பெயருக்கு நேரேயும் அந்த வார்த்தையை எழுத மாட்டேன், இது சத்தியம்.

ஐம்பது ஓவருக்கு நீங்கள் உண்டு மச்சான். அன்றைக்கும் உண்டு.

நீங்கள் மாப்ள என்று கூப்பிட்ட,
உங்கள் மச்சினன் முருகேசன்